பதினேழாவது கோப்பை

ராணி, என் செல்லத் தங்கச்சி,

"ரெண்டு வாரம் புள்ளைங்கள பாத்துக்கங்கண்ணே, வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு வைத்தியசாலைக்குப் போனாய். திரும்பி வரமாட்டோம் என்று தெரிந்தேதான் சொன்னாயா? இந்தச் சந்தேகத்தோடுதான் உன் பாலர் பள்ளிக்கு இரண்டு மாதமாகப் போய்வருகிறேன்.

பெரிய பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். நான்கு வயதுக்காரர்களைக் கண்டால் இன்னும் பயம்தான். முதல் நாளே ஒரு தாய், தேயிலைக் கொழுந்துக் கூடையோடு வாசலில் நின்று, "ஆம்பள டீச்சரா? மூக்குத் தொடச்சி விடுவீங்களா சேர்?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். துடைத்துவிடுகிறேன் ராணி. ஒழுங்காகச் செய்கிறேனா என்பதுதான் தெரியவில்லை.

நான் உள்ளே நுழைந்தால் ஆயா முனியம்மாவும் பிள்ளைகளும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு கோப்பைகளைக் கவனித்தேன். பிள்ளைகள் பதினான்கு, ஆயா, நான். ஆக பதினாறு. காலையில் எல்லாருக்கும் தரும் இலைக்கஞ்சியோ பதினேழு கோப்பைகளில் ஊற்றப்படுகிறது. பதினேழாவது, உன் நீலக் கோப்பை, ஜன்னலோரம் போகிறது. பத்து மணிக்குப் பார்த்தால் காலி.

மூன்று நாள் நோட்டில் குறித்துவைத்தேன். முனியம்மாதான் குடிக்கிறாள் என்று முடிவுகட்டினேன். கேட்கத் துணிய மேலும் ஒரு வாரம் ஆனது.

"ஐயோ சேர், நான் எதுக்குக் குடிக்கிறேன்?" என்றாள். "டீச்சரு அட்டனுக்குப் பயிற்சிக்குப் போயிருக்காங்கன்னு புள்ளைங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன். வந்தா குடிக்கட்டும்னு அதுங்கதான் ஊத்தச் சொல்லுதுங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒங்களுக்குப் பொய் சொல்ல வராதுன்னு டீச்சரே சொல்லுவாங்களே. மூஞ்சி காட்டிக் குடுத்துரும்."

பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றேன். "சொன்னா அழுவும் சேர். அப்புறம் இங்க வரவே வராதுங்க" என்றாள். சொல்வதைத் தள்ளிப்போட்டேன். அவள் சொல்வது சரியாக இருந்தால்? உன் பள்ளியை மூடவைத்தவன் நானாகிவிட்டால்?

அப்படியானால் கஞ்சியைக் குடிப்பது யார்? வெள்ளிக்கிழமை அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முனியம்மா பானை கழுவப் போனதும் கவிஷா எழுந்தாள். முன்பல் இரண்டும் சொத்தை விழுந்த அந்தச் சின்னவள்தான். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, வெளியே கொய்யா மரத்தடியில் ஊற்றினாள். பின்னாலேயே போனேன்.

"ஏம்மா கொட்டுற?"

திடுக்கிட்டாள். பிறகு என் வேட்டியைப் பிடித்து இழுத்துக் குனியவைத்தாள்.

"சேர், ஆயாம்மாகிட்ட சொல்லிராதீங்க. டீச்சரு செத்துட்டாங்க. தப்பு மேளம் அடிச்சித் தூக்கிட்டுப் போனதை நாங்க லயத்து வீட்டு வாசல்ல இருந்து பாத்தோம். ஆயாம்மாதான் இன்னும் வருவாங்கன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க. கஞ்சி அப்படியே இருந்தா அழுவாங்க, பாவம்."

"மத்தவங்களுக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். ஒங்களுக்குத் தெரியுமான்னுதான் தெரியல."

இரண்டு மாதமாக அந்த அறையில் பதினாறு பேரும் ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறோம். அந்த அமைதியைத்தான் என்மீது கொண்ட வெறுப்பு என்று நான் எண்ணியிருந்தேன். உன் இரண்டு வாரமும் இந்த வகைப் பொய்தானா ராணி? நான் அழுவேன் என்றா?

திங்கட்கிழமை கஞ்சி ஊற்றும் முன், எல்லாரையும் பாயில் உட்காரவைப்பேன். முனியம்மாவையும்தான். நீ வரமாட்டாய் என்று நானே சொல்வேன். முகம் காட்டிக்கொடுத்தால் கொடுக்கட்டும். அழுகிறவர்கள் அழட்டும், நானும் அழுவேன். பிறகு மூக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்துவிடுவேன். அது இப்போது எனக்கு வரும். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இரண்டு வாரத்துக்கென்று வந்து, இனி இங்கேயே இருக்கப்போகும்
உன் அண்ணன்