ஹைரமைத் தள்ளிக்கொண்டு போன கதை

இண்டியானா,
நவம்பர் 1888

அன்பு மகன் எல்பர்ட்டுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா, தங்கை லவீனியா, பசுமாடு எல்லாரும் சுகம், என் இடுப்பு மட்டும் சுகமில்லை. டகோட்டா குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது.

தேர்தல் முடிந்தது. நம் மாநிலம் குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்துவிட்டது, நம் ஜனநாயகக் கட்சி மண்ணைக் கவ்வியது, ஆகவே பந்தயப்படி மாவுமில் ஹைரமை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து நீதிமன்றத்தைச் சுற்றி நான் தள்ள வேண்டியதாயிற்று. போன தேர்தலில் அவர் பந்தயத்தில் தோற்று என்னைத் தள்ளியபோது குதிரைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டியருகே சேற்றில் கவிழ்த்தது உனக்குத் தெரியும். வேண்டுமென்றே என்றேன் நான், சக்கரத்தின் கோளாறு என்றார் அவர், அதோடு பேச்சு நின்றது. இந்தப் பந்தயத்தையே முடிவெட்டும் கடைக்காரர் மூலம்தான் கட்டினோம். நடுவில் மாட்டிக்கொண்டது உன் தங்கை. ஹைரம் மகன் வெஸ்லியைத்தான் கட்டுவாளாம், ஆனால் இரண்டு அப்பாக்களும் தேவாலயத்தில் சேர்ந்து நிற்காவிட்டால் கல்யாணமே வேண்டாமாம்.

ஹைரம் புதுக் கோட்டில் வந்தார். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் அவர் கனத்துக்கு வண்டி குப்புறப் போனது. அதனால் என்னைப் பார்த்து உட்காரவேண்டி வந்தது. நாலு வருஷம் பார்க்காத முகம், மூக்குக்கு நேரே. மெதுவாய்யா, பாதி மாவட்டம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று ஒருவன் கத்தினான். அதே தொட்டி, அதே சேறு. கவிழ்த்துவிட்டு வந்தால் சோறு கிடையாது என்று உன் அம்மா சொல்லியிருந்தாள், அப்படியும் என் கை அரித்தது. ஹைரம் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார்:

"யோவ் ஜூபல், கவுத்துடாதய்யா. கல்யாணத்துக்குன்னு தச்ச கோட்டு இது."

"யார் கல்யாணத்துக்கு?"

"உன் பொண்ணு கல்யாணத்துக்குத்தான். அதுக்கு முன்னாடி ஒருதரம் போட்டுப் பாக்கலாம்னு ஆசைப்பட்டேன்."

அப்புறம் சேற்றைச் சுற்றி, முட்டைக் கூடையைக் கொண்டுபோவதுபோல் தள்ளினேன் மகனே, அதில்தான் இடுப்பு போயிற்று.

கல்யாணம் ஏப்ரலில். அவசியம் வந்துவிடு, நல்ல கோட்டாக ஒன்று எடுத்து வா. உங்கள் பிரதேசம் இன்னும் மாநிலம் ஆகாததால் இந்தத் தேர்தலில் ஓட்டு இல்லையே என்று வருத்தப்பட்டிருந்தாய், விடு, உன் இடுப்பு பிழைத்தது. அடுத்த தேர்தலுக்கும் ஹைரமும் நானும் பந்தயம் கட்டிவிட்டோம், இந்தத் தடவை நேருக்கு நேர் பேசியே. அதைப் பற்றிப் பதிலில் ஒரு வார்த்தை எழுதாதே, உன் கடிதத்தை முதலில் பிரிப்பது உன் அம்மா.

கர்த்தர் உன்னைக் குறைவில்லாமல் வைக்கட்டும்.

குனிய முடியாமல் நின்றபடி எழுதும்
உன் அப்பா
ஜூபல் டீக்