துக்க வருஷத்தில் சூடேறிய கணினி

பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய், வீடியோ ரெண்டரிங் எத்தனை சதவீதம் ஆயிற்று என்று பார்த்துவிட்டு வரும் என் தம்பி முரளிக்கு,

ஓடுதுடா! உன் கம்ப்யூட்டர் பெட்டி ஓடுகிறது. நான் இதை எழுதும்போது பக்கத்திலேயே மெல்லிய விசிறிச் சத்தத்தோடு வேலை செய்துகொண்டிருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்று பார்ப்பதுபோல சுகுணா அதன் தலையில் கை வைத்துப் பார்க்கிறாள். "ஜில்லுனு கீது அண்ணி" என்கிறாள். பொய்தான், வெதுவெதுப்பாக இருக்கிறது. ஆனால் சுடவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

நீ போன பிறகு திருப்பதி வீடியோ ஸ்டுடியோவை நாங்கள் மூடவில்லை. எடிட்டிங் நாற்காலியில் உன் மனைவி சுகுணாவே உட்கார்ந்தாள். நான் சித்தூர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு ஆல்பம், ஆர்டர், வருகிறவர்களோடு பேச்சு என்று பார்த்துக்கொள்கிறேன். சித்தூரிலிருந்து தினமும் பஸ்தான். சித்திரை வெயில் வரும்வரை எல்லாம் நன்றாகவே போனது.

அதன்பிறகு உன் பெட்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஒரு கல்யாணத்தை ரெண்டர் போட்டால் தாலி கட்டும் இடம் வருவதற்குள் விசிறி விமானம்போல் இரையும். அப்புறம் கறுப்புத் திரை. தொட்டால் கை சுடும். ஏசி போட்டோம், மேஜை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தோம். எதற்கும் மசியவில்லை.

பாலசமுத்திரத்துப் பெண் ஒருத்தியின் கல்யாணம் அதில் மாட்டிக்கொண்டது. பெண்ணின் அம்மா நேரிலேயே வந்துவிட்டார். "இன்னாம்மா, கல்யாண வீடியோவ சீமந்த வீடியோவோட சேத்துக் குடுக்கலாம்னு இருக்கீங்களா? எம்பொண்ணு முழுவாம கீறா!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கிற நிலைமை இல்லை. "ஞாயித்துக்கெழம வருவேன். இல்லன்னா எடுத்ததையெல்லாம் அப்டியே குடுத்துடுங்க. வேற எடத்துல பாத்துக்கறோம்."

அவர் படியிறங்கியதும் சுகுணா சொன்னாள்: "இந்த வேலையும் பூட்சின்னா சாவிய குடுத்துட்லாம் அண்ணி. அவுரு இல்லாத எடத்துல நாம எதுக்கு லோல்பட்டுக்கினு?" வாசலில் இருக்கும் பலகையில் உன் கையெழுத்துப் போலவே நீ எழுதச் சொன்ன அந்த எழுத்துகளை யார் இறக்குவது?

கீழே கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ரமணாவைக் கூப்பிட்டேன். பெட்டியைத் தொட்டான், உதட்டைப் பிதுக்கினான். "போர்டு போயிந்தி அக்கா. கொத்ததி தீஸ்கோண்டி" என்று தெலுங்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டான். போர்டு போய்விட்டதாம், புதுசு வாங்க வேண்டுமாம். புதிதாக வாங்குகிற நிலையில் நாங்கள் இல்லை. திறந்தாவது பார்ப்போமே என்றேன். சுகுணா மறித்தாள். "அவுர தவுத்து யாரும் தொட்டதில்ல. பிரிச்சிக்கினு உக்காந்துட்டு அப்பறம் யாரு மூட்டறது?"

நானே திருப்புளியை எடுத்தேன். பக்கப் பலகை கழன்று கையோடு வந்தது. அதன் உள்பக்கத்தில், வெடித்துக் காய்ந்து, ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் மங்கிய குங்குமம்.

சுகுணா அதையே பார்த்தபடி நின்றாள். "ஆயுத பூஜைக்கு வெச்சது. வருசா வருசம் அன்னிக்கி ரூமைச் சாத்திக்கினு காலையில இருந்து உள்ளயே இருப்பாரு. சாமி கும்பிடற நாள்ல இன்னாத்த கழட்டிக்கினு கீறீங்கன்னா, 'ஆயுதத்துக்கு மருந்து வெக்கறேன்டி'ம்பாரு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது முரளி. போன ஆயுத பூஜை உன் துக்க வருஷத்தில் வந்தது. வருஷம் திரும்பும்வரை பண்டிகை கூடாது என்றார்கள் பெரியவர்கள். பொட்டு வைக்கவில்லை, பொரி வைக்கவில்லை. உனக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துப் பெட்டியை ஒரு துணிகொண்டு துடைக்கக்கூட இல்லை. உனக்காக நிறுத்திய பூஜையா உன் பெட்டியைக் கொதிக்க வைத்தது?

அந்த மருந்து என்ன என்று மறுநாள் பஸ்ஸில் போனைத் திறந்து தேடினேன். தெர்மல் பேஸ்ட்! பிராசசரின் தலையும் அதன்மேல் உட்காரும் குளிர்விப்பானின் உலோகமும் பார்வைக்கு வழவழப்பு. உண்மையில் இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள். அவற்றில் காற்று புகுந்தால் சூடு மேலே ஏறாது. அந்தக் காற்றை விரட்டுவதற்குத்தான் பேஸ்ட். இத்தனை அழகான விஷயத்தை எனக்கு ஏன்டா சொல்லவே இல்லை?

எதை வாங்குவது என்பதில் மூழ்கிப்போனேன். திரவ உலோகம் என்று ஒன்று இருக்கிறது, சூட்டை வேகமாகக் கடத்தும். மின்சாரத்தையும் கடத்துமே! நம் கை தவறி ஒரு துளி போர்டில் விழுந்தால் கதை முடிந்தது. அது வேண்டாம். மின்சாரம் கடத்தாதது போதும். அதிலும் ரொம்ப இளகலாக இருப்பது வீடியோ வேலையைச் சுமக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கு ஆகாதாம். சூடாகிச் சூடாகி ஆறும்போது ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். கெட்டியானது என்று முடிவு செய்தபோது பஸ் சந்திரகிரியைத் தாண்டியிருந்தது. அன்றைக்கு அந்த ஊர்க் கோட்டைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

ரமணாவிடமே ஊசிக்குழாயில் அடைத்தது கிடைத்தது. "பேஸ்ட் ஒக்கட்டே சாலது அக்கா, கொப்பரிகாய கூடா கொட்டண்டி" என்றான். பேஸ்ட் மட்டும் போதாதாம், தேங்காயும் உடைக்க வேண்டுமாம். "உன் கடை வாசலில் உடைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மாடியேறினேன்.

பழைய பேஸ்ட் இளகட்டும் என்று கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்து, ஒயரைப் பிடுங்கினோம். குளிர்விப்பானை நேரே இழுத்தால் பிராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிடுமாம். மெல்லத் திருகித் தூக்கினேன். அடியில் பேஸ்ட் இருந்த இடத்தில் காய்ந்த சுண்ணாம்பு! ஸ்பிரிட்டில் நனைத்த மூக்குக்கண்ணாடித் துணியால் துடைக்கத் துடைக்க என் முகம் தெரிகிற அளவுக்கு மின்னியது.

பிராசசரின் நடுவில் புதுப் பேஸ்ட்டைத் துவரம்பருப்பு அளவு வைத்தேன். சுகுணா எட்டிப் பார்த்தாள்.

"அவ்ளோதானா? இன்னும் கொஞ்சம் வெய்யுங்க அண்ணி, கஞ்சத்தனம் பண்ணாதீங்க."

"ஜாஸ்தியா வெச்சா அதுவே சூட்ட மறிக்கும். மேலருந்து அமுக்கறப்போ தானா பரவிடும்."

"நெத்தியில வெக்கற சந்தனமே இத்த விட ஜாஸ்தி!"

கிராபிக்ஸ் கார்டை அவளிடம் விட்டேன். அதில் சிப்புக்கு மேல்மூடி கிடையாது, கண்ணாடிபோலத் திறந்து கிடக்கும். மூலைவரை மெல்லிசாக மூடியாக வேண்டும். பக்கத்துச் சின்னச் சிப்புகள்மேல் இருந்த மெத்துமெத்தென்ற பட்டைகள் கிழியாமல் பார்த்துக்கொண்டாள். பழைய சிம் அட்டையை வைத்துப் பேஸ்ட்டை ஒரே சீராக இழுத்தாள், மூச்சுகூட விடாமல். திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினோம்.

பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது. திரை கறுப்பு.

"சொன்னேனா இல்லியா? சொன்னேனா இல்லியா அண்ணி?" என்று கத்தினாள். மறுபடி திறந்தால், கார்டுக்குப் போகிற மின் ஒயர் அநாதையாகத் தொங்குகிறது! செருகினேன். திரையில் உன் பெயர் வந்தது. அவள் என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், இன்னும் வலிக்கிறது.

பாலசமுத்திரத்துக் கல்யாணத்தைப் போட்டோம். நூறு டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்த வெப்பம் எழுபதுகளிலேயே நின்றது. ஊஞ்சல் கடந்தது, மாலை மாற்றல் கடந்தது. வழக்கமாக அணையும் இடம் வந்தபோது இருவரும் எழுந்து நின்றுவிட்டோம். கடந்தது! முடிந்த வீடியோவைத் திறந்து தாலி கட்டும் இடத்துக்குப் போனாள் சுகுணா, சத்தத்தை முழுசாக வைத்தாள். கெட்டிமேளம் கீழே ரமணா கடைவரை கேட்டிருக்கும். "அவுரு மட்டும் இப்ப..." என்று ஆரம்பித்தவள், முடிக்காமல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த ஃபோல்டரைத் திறந்தாள். சாவியைப் பற்றி அதன்பிறகு பேச்சே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சீமந்தத்துக்கும் நீங்களே வந்துடுங்க. ஆனா கொழந்த பொறக்கறதுக்குள்ள குடுத்துடணும்" என்றார். இப்போது ஓடிக்கொண்டிருப்பது குடிபாலாவிலிருந்து வந்த ஆர்டர்.

அந்தச் சந்தனப் பொட்டைத் துடைக்கவில்லை முரளி. சுற்றியிருந்த தூசியை மட்டும் எடுத்தோம். வருகிற ஆயுத பூஜைக்கு நானும் சுகுணாவும் கதவைச் சாத்திக்கொண்டு முதலில் மருந்து வைப்போம், பிறகு உன் பொட்டுக்குப் பக்கத்தில் எங்கள் பொட்டு. இனி எந்த வருஷம் நம் வீட்டில் என்ன துக்கம் வந்தாலும், பொரி இல்லாமல் போகலாம், பூ இல்லாமல் போகலாம். அன்றைக்கு உன் பெட்டி திறக்கப்படும். இது சத்தியம்.

நகக்கண்ணில் சாம்பல் நிறப் பேஸ்ட் இன்னும் போகாத
உன் அக்கா
வசந்தி