வாசலுக்கு வந்த கிணறு

என் அன்பு மச்சான் ரகு,

நெஞ்சு நோகுது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன், இப்படி ஒரு குழப்பத்தில் என்னை விட்டுவிட்டுப் போவாய் என்று நினைக்கவில்லை. வருகிற ஞாயிறு உன் முப்பத்தொன்றாம் நாள். நினைவுமலர் அட்டையில் உன் முகத்துக்குப் பின்னால் எதைப் போடுவது?

பாரிஸில் ரூ காய் தெரு அச்சகக்காரர் அருவி, அன்னம், பனிமலை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். "அண்ணை, எல்லாரும் இதுகளைத்தான் எடுக்கினம்" என்றார். அருவிக்கு முன்னால் உன்னை வைத்துப் பார்த்தேன். குளிக்க வந்தவன் போல இருந்தாய். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஊர்ப் படம் போடலாம் என்றால், 2009இல் வன்னியை விட்டு வெளிக்கிட்டபோது நீ கொண்டுவந்தது உடுத்த உடுப்பு மட்டும்தான்.

மியூசே என்கிற அருங்காட்சியகத்தில் காவல் வேலை பார்த்த இத்தனை வருடமும், அங்கே மாட்டியிருக்கும் ஏறக்குறைய நானூறு வருடப் பழைய இயற்கைக் காட்சி ஓவியங்களை நீ திட்டாத நாளில்லை. "முழுப் பொய்யடா மச்சான். அந்த நேரம் ஐரோப்பாவிலை எங்கை பாத்தாலும் சண்டை, பஞ்சம். இதுக்குள்ளை ஆடு மேய்க்கிறவன்ரை காலிலை ஒரு தூசி இல்லை. மாளிகையிலை இருந்த பிரபுக்களும் கர்தினால்மாரும் சுவரிலை மாட்டிப் பாக்கிறதுக்கு, மரத்தையும் மலையையும் வேணுமெண்ட இடத்துக்கு இழுத்து வைச்சுக் கீறியிருக்கிறாங்கள்." நானும் ஓம் ஓம் என்று தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருப்பேன்.

அப்படியானால் உன் கைபேசியில் அதே ஓவியங்களில் ஒன்று நாற்பது தடவை ஏன் இருக்கிறது? உன் நல்ல முகப்படம் ஒன்று தேடப்போய் அதைத்தான் கண்டேன். கடைசிப் படத்தில், மஞ்சள் வெயில் விழுகிற மரத்தடியில், திரையில் விரலால் சிவப்புக் கோட்டில் ஒரு வீடு கீறியிருக்கிறாய். வாசலோடு ஒட்டி ஒரு கிணறு.

உன் தங்கச்சியிடம் காட்டினேன். கனநேரம் பார்த்தாள். "எங்கடை வீடுதான். ஆனா கிணறு வளவின்ரை அந்தத் தொங்கலிலை எல்லோ இருந்தது? அண்ணை வாசலிலை வைச்சிருக்கிறார்" என்றாள். பங்கர்க் குழிக்குள் இருந்து எழும்பி, அவ்வளவு தூரம் நடந்து, அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளப் போனபோதுதானே உங்கள் அம்மாமேல் ஷெல் விழுந்தது.

பொய் பொய் என்று திட்டினவனே, நீயும் இழுத்துத்தான் வைத்திருக்கிறாய். இதுவும் பொய்தானா? எனக்கு விளங்கவில்லை மச்சான். உன்னை விட்டால் யாரைக் கேட்பேன்?

அட்டைக்கு அந்தப் படத்தையே கொடுத்துவிட்டேன். "இந்தச் சிவப்புக் கீறலை அழிக்கட்டோ அண்ணை?" என்று அச்சகக்காரர் கேட்டார். கை வைக்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிற சனம் என்னவும் கேட்கட்டும். நீ வைத்த இடத்தை விட்டு அந்தக் கிணறு அசையாது. மாமி இனித் தண்ணிக்குத் தூரம் போகத் தேவையில்லை.

உன் தங்கச்சியைக் கட்டிய மச்சான்,
சிவா