துவாய்க்கெண்டு ஒரு தனிக்கொடி

நெல்லியடிக்குப் போகும் அவசரத்தில், கணவன் சண்முகநாதனுக்குக் கலண்டர்த் தாளின் பின்புறத்தில் இராசமலர் எழுதி வைத்தது:

இஞ்சாருங்கோ, அக்காவைப் பாக்கப் போறன். பின்னேரம் வந்திடுவன். புட்டு மூடி வைச்சிருக்கிறன். சின்னப் போத்தலிலை இருக்கிற தேங்காயெண்ணெய் உங்கடை முழங்கைச் செதிலுக்கு. அதிலை அப்பளம் பொரிச்சுப் போடாதேங்கோ.

சொரியாசிஸ் ஆருக்கும் தொத்தாதெண்டு டாக்குத்தர் ரெண்டு தரம் சொன்னவர். நீங்களும் தலையாட்டினனீங்கள். பிறகு வீட்டை வந்து உங்கடை துவாய் காயப்போடவெண்டு தனிக்கொடி கட்டினனீங்கள்! கோவத்திலை அந்தக் கொடிக்கயிறை அவிட்டு ஆட்டைக் கட்டியிருக்கிறன். ஆட்டுக்கு இன்னும் ஒண்டும் தொத்தேல்லை.

வாற வெள்ளிக்கிழமை கோயிலிலை, செதிலை ஆரும் பாப்பினமெண்டு ஒளிக்காமல், மற்ற ஆம்பிளையள் மாதிரிச் சேட்டைக் கழட்டிப்போட்டுத்தான் கும்பிடுறியள். கதை முடிஞ்சுது.

இராசமலர்

பி.கு.: துவாய் என்ரை சீலைக்குப் பக்கத்திலை காயுது. ஒரு கிழமையாய் நானும் அதாலைதான் முகம் துடைக்கிறன். நான் வந்தவுடனை என்ரை முகத்தை வடிவாய்ப் பாருங்கோ, ஏதும் தொத்தியிருக்கோ எண்டு.