திங்கள் ராத்திரிப் பலகை

1966 ஜனவரி 3, திங்கள்

காலையில் பனி. கொடியில் போட்ட துணி மத்தியானம் வரை ஈரம்.

இன்று கடை கிடையாது. வீட்டு முன்பக்கம்தான் எங்கள் சாப்பாட்டுக் கடை. நோன்பு மாசத்தில் பகலில் அடுப்பு மூட்டுவதில்லை, ராத்திரி மட்டும்தான் வியாபாரம். அதிலும் திங்கள் ராத்திரி பூட்டு. நாட்டில் அரிசிப் பஞ்சம், வாரம் ஒரு வேளை விட்டுக்கொடுங்கள் என்று பிரதமர் கேட்டதும், என் வீட்டுக்காரர் பலகை எழுதி மாட்டிவிட்டார். 'பிரதமர் வேண்டுகோள்படி திங்கள் இரவு சாப்பாடு இல்லை.' சிவப்புப் பெயின்ட், பெரிய எழுத்து. மூன்று மாசமாகிறது.

கடையை மூடினால் மூடட்டும். அன்று நோன்பு திறந்த பிறகும் இவர் சாப்பிடுவதில்லை. ஒரு பேரீச்சம்பழம், தண்ணீர். பள்ளிவாசல் கஞ்சிகூட வேண்டாமாம், அதிலும் அரிசிதானே என்கிறார். பகலெல்லாம் பட்டினி கிடந்தவரிடம் எந்தப் பிரதமர் இதைக் கேட்டார்? எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஜன. 5, புதன்

வாங்க: சீரகம், விளக்குத் திரி, மண்ணெண்ணெய் (கிடைத்தால்).

நேற்றுக் கடைக்கு நாலைந்து பேர்தான். தோல் பதனிடும் ஷாப் ஆட்கள் வருவதில்லை. தோல் வாங்க ஆளில்லாமல் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்களாம்.

வந்த ஒருவர் பலகையைப் பார்த்து, பாகிஸ்தான் சண்டை நேரத்தில் பயந்துபோய் மாட்டினதா பாய் என்று கேட்டார். திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இவர் கோபப்படவில்லை. "அந்தப் பிரதமரும் இல்லாத வீட்டுப் புள்ளதான அப்பு. பசின்னா என்னன்னு தெரிஞ்சு கேக்குறாரு. குடுத்தா என்ன கொறஞ்சுபோச்சு?"

போன வருசம் இந்திக்காக இதே பிரதமரை ஊரே திட்டியது. இவரும்தான். ஞாபகப்படுத்தினேன். பலகையைத் துண்டால் துடைத்தார்.

ஜன. 8, சனி

சித்தையன்கோட்டையிலிருந்து கொழுந்தன் வந்தார், வெறுங்கையோடு. அவர் அனுப்பும் அரிசியில்தான் கடை ஓடுகிறது. மழை இல்லை, வயல் காய்ந்தது, இருப்பும் தீர்ந்ததாம். இனிமேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ஒரு டீ கொடுக்கக்கூட முடியாத நோன்புப் பகல். அப்படியே கிளம்பிவிட்டார்.

இருப்பது ஒரு வாரத்துக்கு. பிறகு கடையை மூடத்தான் வேண்டும் என்றேன். "பாய் கடையில அரிசி இல்லேன்னு ஒரு பய சொல்லக் கூடாது" என்றார். சொல்லாமல் என்ன செய்வார்கள்?

ஜன. 10, திங்கள்

சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு இவருக்குக் கிறுகிறுப்பு. சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். கையெல்லாம் சில்லென்று. பயந்தே போனேன். பாங்கு சொன்னதும் கஞ்சிக் கோப்பையை நீட்டினேன். தலையை ஆட்டினார். "நீங்க விழுந்தா அவரா வந்து என்னயப் பாப்பாரு?" என்று கத்திவிட்டேன்.

குடித்தார். பிறகு சோறும். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மூன்று மாசத்தில் இவர் சாப்பிட்ட முதல் திங்கள் ராத்திரி. ஜெயித்த சந்தோசம் எனக்கு.

ஜன. 11, செவ்வாய்

பிரதமர் இறந்துவிட்டார். நேற்று ராத்திரி, சமாதானம் பேசப் போன வெளிநாட்டில். பக்கத்து வீட்டு ரேடியோவில் காலையில் கேட்டோம். கடைத்தெரு முழுக்க அடைப்பு.

இவர் அழவில்லை. உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நேத்து ஒரு ராத்திரிதான் தின்னேன்." ஊட்டினது நான்.

ஜன. 14, வெள்ளி

எதிர்வீட்டுப் பொங்கல் ஒரு கிண்ணம் வந்தது. சின்னக் கிண்ணம். இந்த வருசம் அவர்கள் கொடுத்ததே பெரிசு.

தெருவில் ஒரே புகழ்ச்சி. திட்டின வாய்களே மகான் என்கின்றன. அரிசி மட்டும் வரவில்லை.

ஜன. 17, திங்கள்

மூட்டையை உதறினேன். தூசி, நாலு அந்துப்பூச்சி. நேற்றோடு சரி.

இன்று தப்பித்தோம், பலகை இருக்கிறது. இவருக்குப் பேரீச்சம்பழம், தண்ணீர். எனக்கும் அதுவே.

ஜன. 18, செவ்வாய்

கடையே இல்லாதபோது இது எதற்கு என்று பலகையைக் கழற்றப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "இருக்கட்டும்." விட்டுவிட்டேன். கடை திறக்கவில்லை.

ஜன. 19, புதன்

வெயில். தலைவலி.

சாயங்காலம் வெளியூர்க்காரர் ஒருவர் வாசலில் நின்று பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார்.

பொய் சொல்லக் கூடாத நோன்பு வாயோடு, திங்கள் என்றார் இவர்.