முள் முன்னால் போக வேண்டும்

மே 6, புதன்

என் மேசையில் இயற்பியல் புத்தகத்துக்குப் பக்கத்தில் எங்கள் படகின் வயர்லெஸ் செட் உட்கார்ந்திருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம். கோட்டைப்பட்டினத்து விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்பதால் செட்டுக்கும் லீவு. உப்பும் டீசலும் கலந்த வாசனை.

காரணத்தையும் எழுதிவைக்கிறேன். மார்ச்சில் எஞ்சின் நின்று படகு ஒரு பகல் முழுக்க மிதந்தபோது வாப்பா இதில்தான் கூப்பிட்டார். எங்கள் வீட்டு செட்டில் வந்தது மெலிந்த கரகரப்பு மட்டும். வேறொரு படகு இழுத்து வந்து சேர்க்கும்வரை உம்மா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதிலிருந்து ஒரே பேச்சு. "ஒங்க கொரல் வீட்டுக்கு வரணும். வராட்டி கடல் வேணாம். ஷார்ஜாவுல தம்பி கடைக்குப் போயிருங்க."

மாமா விசாவோடு காத்திருக்கிறார். ஜூன் 21க்குள் பதில் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் பிரிட்ஜ் மேல் கிடக்கிறது. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

நான் சரிசெய்கிறேன் என்றேன். வாப்பா சிரிக்கவில்லை. "பாத்துத் தொறம்மா" என்றார்.

மே 9, சனி

செட் கடை நிஜாம் காக்காவிடம் பவர் மீட்டர் இரவல் கேட்டேன். "ஹுமா, பிளஸ் டூ பரீட்சைக்கு இதையெல்லாமா கேப்பாக?" என்று கிண்டல். ஆனால் மீட்டரையும் கொடுத்தார், பிளாஸ்டிக் திருப்புளியையும் கொடுத்தார். இரும்புத் திருப்புளியை உள்ளே விட்டால் அளவு மாறிவிடுமாம்.

பாடப் புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது! ஊர்தி அலை. அதன்மேல் குரலை ஏற்றினால் பண்பேற்றம். ஊர்தி என்றால் வண்டிதானே. வண்டிக்கு பலம் போதவில்லை என்று நினைக்கிறேன்.

மே 14, வியாழன்

ஏறிவிட்டது!! மொட்டைமாடி ஆன்டெனாவில் மாட்டி, சின்னத் திருகு ஒன்றை இம்மி இம்மியாகத் திருப்பினேன். மீட்டரில் இரண்டில் கிடந்த முள் நான்கைத் தொட்டது. வாப்பா தெருவில் போன ஆளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "எம் மவ ஏத்திட்டா."

உம்மா கதவோரம் நின்று பார்த்துவிட்டு மிக்சி போடப் போனார். மிக்சி ஓடினால் வீட்டு செட் இரையும். இரைந்தது.

மே 15, வெள்ளி

முள்ளைக் கனவில் கண்டேன்.

ஜூன் 15, திங்கள்

தடை முடிந்து முதல் பயணம். இரவு பத்து மணிக்குக் கூப்பிடுவதாக வாப்பா சொல்லியிருந்தார். ஒன்பதரைக்கே உம்மா செட் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

பத்து மணிக்கு வந்தது. பலமாக வந்தது — ஆனால் குரல் இல்லை. பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரோ பேசுவதுபோல் ஒரு முனகல். வாப்பாதானா, வேறு யாராவதா? ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

உம்மா திட்டியிருக்கலாம். சத்தத்தைக் குறைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

வாப்பா காலையில் திரும்பினார். வந்ததும் உம்மா, "தம்பிக்குப் போன் போடுங்க" என்றார். வாப்பா என்னைப் பார்த்தார். "சனிக்கெழம மட்டும் போயிட்டு வாரேன் ரம்லத்து. அப்பவும் கேக்கலைன்னா நீ சொல்றதுதான்."

நாளைக்கு வாப்பா கடலுக்குப் போகவில்லை. செட் மறுபடி என் மேசையில்.

ஜூன் 17, புதன்

நான் எவ்வளவு மடச்சி! மே மாதம் முழுக்க முள்ளையே பார்த்திருக்கிறேன். மைக்கில் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கவில்லை. தனியாகப் பேச வெட்கம். எனக்கு நானே என்ன பேசுவது?

இன்று "ஹலோ" என்றேன். முள் பின்னால் போனது. பேசும்போது அது முன்னால் அல்லவா போக வேண்டும்! ஊர்தியை உச்சத்துக்கு ஏற்றிவிட்டேன். அதற்கு மேல் குரல் எழும்ப இடமே இல்லை. அதனால்தான் முனகல்.

அப்படியானால் இறக்க வேண்டும். மீட்டரைப் பார்க்க வந்த நிஜாம் காக்கா பதறிவிட்டார். "ஏத்துனத எறக்குறியே, ஒங்க வாப்பா என்னயத்தான் கேப்பாரு!"

நான் திருப்ப, யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். வாப்பா மைக்கை வாங்கினார். எஞ்சின் சத்தத்தில் கத்திப் பழகியவர், வாயோடு ஒட்டிப் பிடித்தார். நான்கு விரல் தள்ளிப் பிடிக்கச் சொன்னேன்.

"என்னத்தப் பேச?"

"எதையாச்சும் பேசுங்க வாப்பா."

அடுப்படிப் பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாக, "ரம்லத்து" என்றார். முள் அசைந்தது. நான் இன்னும் கொஞ்சம் இறக்கினேன். "ரம்லத்து... ரம்லத்து..." மூன்றுக்குக் கீழே ஓரிடத்தில், பெயர் சொல்லும்போதெல்லாம் முள் துள்ளி முன்னால் போனது.

அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது. "என்ன, வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு என்னைய ஏலம் விடுறீங்க?"

வாப்பாவின் காது சிவந்ததை முதல்முறையாகப் பார்த்தேன்.

ஜூன் 20, சனி

எழுத்து கோணலாக வருகிறது.

பத்து மணி. ஒன்றுமில்லை. பத்தரை, ஒன்றுமில்லை. நான் என்னத்தைக் கெடுத்துவைத்தேன்? உம்மாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஓதுகிறார்.

பத்து நாற்பதுக்கு, மெலிதாக, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக:

"ரம்லத்து. கேக்குதா? வலை சிக்கிக்கிச்சு, அதான் லேட்டு."

உம்மா மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தாமலே இருந்தார். அங்கே வாப்பா திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். நான் தோளைத் தொட்ட பிறகுதான் அழுத்தினார்.

"கேக்குது. கத்தாதீங்க."

வாப்பா கத்தவே இல்லை.

ஜூன் 21, ஞாயிறு

மாமாவிடம் உம்மாதான் பேசினார். நான் அறைக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 22, திங்கள்

பிரிட்ஜ் மேல் ஒன்றுமில்லை. பாஸ்போர்ட் பீரோவில், உம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது.

பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் அடுப்படியில் தொம் தொம்மென்று சத்தம். எட்டிப் பார்த்தேன். உம்மா மசாலாவை உரலில் இடித்துக்கொண்டிருந்தார். மிக்சி ரிப்பேரா என்று கேட்டேன்.

"இல்ல. ஒங்க வாப்பா கடலுக்குப் போயிருக்காகல்ல" என்றார்.