உப்பும் மிளகாயும் மடித்த சீட்டு

நேற்று, நாம் கூடை சுமந்த மாங்காய்க் கொட்டகையில் யாரோ காயைக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவினார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உன்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செத்தவளோடு சண்டை போட முடியாது என்கிறார்கள். நான் போடுவேன்.

நாம் சிநேகிதமானதே ஆஸ்பத்திரியில்தான். இரண்டு பேருக்கும் குழந்தையிலேயே நெஞ்சைத் திறந்து, இதயத்து ஓட்டையை அடைத்து, குறுகிய வழியை விரித்துத் தைத்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அம்மாக்களோடு நம் ஊர் முதலமடையிலிருந்து ஒரே பஸ்ஸில் போவோம். குழந்தைகள் பிரிவுச் சுவரில் வரைந்திருந்த யானையோடு ஒட்டி நின்று யார் வளர்ந்தோம் என்று அளப்போம்.

பதினெட்டு முடிந்ததும் டாக்டர் ஆளுக்கொரு சீட்டு எழுதினார். "இனி பெரியவங்க பிரிவுக்குப் போகணும். வருஷம் போகப்போக வால்வு ஒழுகலாம். நல்லா இருந்தாலும் வந்து காட்டணும்."

உன் அம்மா திரும்பும் பஸ்ஸிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். "அதான் தச்சாச்சுல்ல. மாப்ள பாக்கற நேரத்துல ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சா ஊர்ல என்ன பேசுவாங்க?" என் அம்மா, "ஆமாங்க்கா" என்றாள். நீயாவது வாயைத் திறந்திருக்கலாம். சிரித்தாய். "அட போ புள்ள, அங்க பூராம் கெழவனுங்கதான் இருப்பாங்க."

இறங்கியதும் மாங்காய் வாங்கினோம். உப்பு மிளகாயை உன் சீட்டில் மடித்துத் தின்றோம். மடித்தது நீ என்றுதான் இத்தனை நாளாக எல்லாரிடமும் சொல்லி வந்தேன். மடித்தது நான். உன் கையிலிருந்து பிடுங்கி மடித்தேன்.

போன சீசனில் கூடையைப் பாதியில் இறக்கிவிட்டு நெஞ்சைப் பிடித்தாய்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல புள்ள. உள்ள மீனு துள்ளற மாதிரி இருக்குது. வெயிலு."

கால் வீங்கிக் கொலுசைக் கழற்றி வைத்திருந்தாய். உனக்குத் தெரியாதா? எனக்குத்தான் தெரியாதா? நானும் வெயில் என்றேன். பத்தாம் நாள் லாரிப் பக்கத்தில் விழுந்தாய். பாலக்காடு ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேரவில்லை.

வால்வு பல வருஷமாக ஒழுகி, வலது அறை பெருத்து, துடிப்பு தறிகெட்டிருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர். முன்னமே காட்டியிருந்தால் வால்வை மாற்றியிருக்கலாமாம். கடைசியாக எப்போது காட்டினீர்கள் என்று கேட்டார். "சின்னதுலயே தச்சாச்சுங்களே" என்றார் உன் அம்மா. அவரைப் பிடித்து உலுக்கத் தோன்றியது. உலுக்கத் துடித்த என் கைதான் உன் சீட்டில் உப்பும் மிளகாயும் மடித்தது. நானும்தான் இத்தனை வருஷம் போகவில்லை.

நேற்று ராத்திரி என் சீட்டைத் தேடினேன். பக்கத்துச் சித்தூர் காலேஜை விட்ட நாளிலிருந்து தொடாத புத்தகத்துக்குள் அப்படியே கிடந்தது.

காலையில் அம்மா, "யாராச்சும் கேட்டா பல்லு வலின்னு சொல்லு கண்ணு" என்றாள். பஸ்ஸில் பக்கத்து ஊட்டு அக்கா கேட்டார், "வெள்ளனயே எங்க கெளம்பிட்ட?"

"ஆஸ்பத்திரிக்குங்க. நெஞ்சுல தச்ச எடத்தக் காட்டணும்." கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.

பெரியவர்கள் பிரிவு பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இங்கே யானை இல்லை. நீ சொன்னது சரி, பூராவும் கிழவர்கள்தான். சீட்டை மடிக்காமல் பிடித்திருக்கிறேன். பக்கத்தில், உன் இடத்தில் என் பையை வைத்திருக்கிறேன். ஒரு பெரியவர் வந்து, "இங்க ஆளு இருக்குதா?" என்றார்.

பையை முறைத்துக்கொண்டே, "இருக்குதுங்க" என்றேன்.